கட்டைவிரல் வைத்துப் பார்க்கும் இடம்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் நான் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி வலது தொடை மேல் போட்டுக்கொள்வேன். கணுக்காலின் உள்பக்க மொட்டிலிருந்து நாலு விரல் மேலே, எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து, முழங்காலை நோக்கி அழுத்திக்கொண்டே போவேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம். 'ஸ்ஸ்' என்று வாயைத் திறக்க வைத்தால் சைக்கிள். இரண்டு வருஷமாக இப்படித்தான். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னடி, தெனமும் கால அமுக்கி ஜோசியம் பாக்குற?" என்றாள். ஜோசியம்தான். ஆனால் இது பலிக்கிறது.

நான் ஓட ஆரம்பித்தது 37 வயதில், மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. காலை பத்திலிருந்து நாற்காலி. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்துக்கு வந்தால் பாதி மதுரை அங்கேதான் இருக்கும். கைவீசி நடப்பவர்கள், படிக்கட்டில் மூச்சுப்பயிற்சி செய்பவர்கள், சுகர் அளவை ஒப்பிட்டுக்கொண்டே நடக்கும் தாத்தாக்கள், அருகம்புல் சாறு விற்பவர். ஒரு சுற்று என் கைக்கடிகாரத்தில் 1.2 கி.மீ. முதலில் ஒரு சுற்று ஓடுவதற்குள் நாக்கு தள்ளியது. நாலு மாதத்தில் நிற்காமல் மூன்று சுற்று. அதற்குள் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாரம் 12 கி.மீ. ஓடிக்கொண்டிருந்ததை ஐந்தே வாரத்தில் 30 கி.மீ. ஆக்கினேன். மூச்சு வாங்கவில்லை, தொடை வலிக்கவில்லை, பிறகென்ன?

வலி வந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்தது அங்கேதான். முதல் வாரத்தில், ஓட ஆரம்பித்ததும் இடது காலின் உள்பக்கம் மந்தமாக ஒரு வலி. முதல் சுற்று முடிவதற்குள் காணாமல் போய்விடும். உடம்பு சூடானால் சரியாகிறது, ஆகவே இன்னும் நன்றாகச் சூடேற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஓடும்போது போன வலி, ஓடி முடித்து வீட்டில் காபி குடிக்கும்போது திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் ஓட்டம் முழுக்கக் கூடவே வந்தது. ஒருநாள் அலுவலக மாடிப்படி இறங்கும்போதும் வந்தது. வலி இப்படி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கிலோமீட்டரைக்கூடக் குறைக்கவில்லை. வீட்டில் இருந்த வைத்தியத்தை எல்லாம் செய்தேன். அம்மா மூசாம்பரத்தைக் கரைத்துச் சூடாக்கிப் பத்து போட்டாள். காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கறுப்பாக, ஒரு வாசனையோடு நிற்கும். அலுவலகத்தில் எல்லோரும் என் சேலைக் கரையையே பார்த்தார்கள். ஐஸ் வைத்தேன். பூரிக்கட்டையால் சதையை உருட்டினேன். 11,000 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். பத்து ஓர் ஆறுதல், ஐஸ் ஒரு மரமரப்பு, ஷூ ஒரு பெருமை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதே தெப்பக்குளம், அதே ஐந்து சுற்று.

இந்த வலிக்கு ஓடுகிறவர்கள் சொல்லும் பெயர் ஷின் ஸ்பிளிண்ட். தமிழில் என்ன சொல்வது என்பதே எனக்கு ஒரு பிரச்சினையாகிவிட்டது. 'கெண்டைக்கால் வலிக்குது டாக்டர்' என்றேன். அவர் பின்னால் ஆடுசதையை அமுக்கிவிட்டு, "தசைப்பிடிப்புதான், மாத்திரை எழுதறேன்" என்று அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருப்பதற்குக் கணைக்கால் என்று நல்ல சொல் இருக்கிறது. கணைக்கால் இரும்பொறை என்று ஒரு சேர மன்னனே இருந்தான்; சிறையில் கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததால் குடிக்காமல் உயிர்விட்டவன் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டுக் குறிப்பு சொல்கிறது. அவ்வளவு பழைய சொல். ஆனால் இன்றைக்குக் கணைக்கால் என்றால் பாதிப் பேர் கணுக்காலைக் காட்டுவார்கள். அதனால் இதைப் படிக்கிறவர்கள் மருத்துவரிடம் போனால் பெயர் சொல்ல வேண்டாம். விரலை வைத்து எலும்பைக் காட்டுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் பேச்சைவிட விரலை அதிகம் நம்புகிறவர். உள்விளிம்பு நெடுக அழுத்திக்கொண்டே போய், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பேனாவால் இரண்டு கோடு போட்டார். நடுவில் ஒரு சாண் நீளம். "நல்லது" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அப்புறம் விளக்கினார். வலி இப்படி நீளமாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட். ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஒரே புள்ளியில் குத்தினால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது உயிர் போனால், ராத்திரி படுத்தபிறகும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். எலும்பின் உள்விளிம்பில் இல்லாமல் நேர் முன்பக்கத்தில், நடுப்பகுதியில் புள்ளியாக வலித்தால் இன்னும் ஆபத்து. அங்கே விழும் விரிசல் லேசில் கூடாது, முழுதாக முறியவும் செய்யும். இன்னொரு வகையும் உண்டு. ஓட ஓடக் கால் இறுகிக் கல்லாகி, பாதம் மரத்துப்போய், நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அது தசையறைக்குள் அழுத்தம் ஏறுவது, வேறு கதை. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் வலைப்பதிவு படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எனக்கு வந்தது சாதா வகை. மருத்துவப் பெயரைத் தமிழாக்கினால் 'உள்பக்கக் கணைக்கால் எலும்பு அழுத்த நோய்க்குறி' என்று வரும். மூச்சு முட்டுகிறது, விட்டுவிடலாம். கணைக்கால் எலும்பு நாம் நினைக்கிற மாதிரி இரும்புக் கம்பி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. அடிக்கடி வளைக்கிறார்கள் என்று தெரிந்தால் உடம்பு அந்த இடத்தைப் பலப்படுத்த ஆள் அனுப்பும். வருகிறவர்களில் முதல் குழு இடிக்கிற குழு. பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கிறது. கட்டுகிற குழு அதற்குப் பின்னால்தான் வரும். இடிப்பு சில வாரத்தில் முடிகிறது. கட்டி, சுண்ணாம்பு ஏறி, இறுகிப் பழைய பலத்துக்கு மேல் வர மாதக்கணக்கு ஆகிறது. வீட்டை இடித்துக் கட்டியவர்களுக்குப் புரியும். ஆக, புதிதாக ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்தில் எலும்பு முன்னைவிடக் கொஞ்சம் பலம் குறைந்தே இருக்கலாம். சரியாக அதே நேரத்தில்தான் மூச்சும் இதயமும் பழகி, 'இன்னும் ஓடு' என்று உசுப்பேற்றுகின்றன. முன்பெல்லாம் தசை இழுத்து எலும்பின் மேலுறை வீங்குவதுதான் காரணம் என்றார்கள். இப்போது எலும்பே களைத்துப்போவதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். இரண்டும் கலந்திருக்கலாம்.

கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் அன்றைக்கு ராத்திரி ஒன்று போட்டுப் பார்த்தேன். நான் ஒரு கிலோமீட்டர் ஓட ஏழரை நிமிஷம். நிமிஷத்துக்கு 156 அடி. ஆறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7,000 அடி, காலுக்கு 3,500. ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தருவது எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. என் எடை 62 கிலோ. ஐந்து வாரத்தில் எலும்பின் தலையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறேன் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஏன் இடது கால் மட்டும்? தெப்பக்குளத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். கோயிலைச் சுற்றுகிற பழக்கம், வலமாக. ஒவ்வொரு சுற்றிலும் நாலு செங்கோண வளைவு. வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் வெளிப்பக்கத்துக் கால் இடது. இதுதான் காரணம் என்று சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இரண்டு சுற்று அப்படி, இரண்டு சுற்று இப்படி. எதிரே வருகிறவர்கள் என்னை அபசகுனம் போலத்தான் பார்க்கிறார்கள்.

"வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே" என்று ஓட்டக்காரர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் பகுதியில் புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஒரு கூட்டம் பத்து சதவீதக் கணக்குப்படி 13 வாரம், மற்றது வழக்கமான முறையில் 8 வாரம். இரண்டிலும் காயம்பட்டவர்கள் ஐந்தில் ஒருவர். ஆக, பத்து என்ற எண்ணுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. அதற்காக 12ஐ 30 ஆக்கலாம் என்று அர்த்தமும் இல்லை. நான் இப்போது வைத்திருப்பது வேறு கணக்கு. மூன்று வாரம் மெல்ல ஏற்று, நாலாவது வாரம் இறங்கு. கட்டுகிற குழுவுக்கு வேலை செய்ய ஒரு வாரம் வழிவிடு.

மருத்துவர் அனுப்பிய பிசியோ ஓர் இளம்பெண். உடற்பயிற்சிக்கு முன்னால் அவள் கேட்ட கேள்விகள் எனக்குச் சங்கடமாக இருந்தன. ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் அக்கா? மாதவிடாய் தேதி தவறுகிறதா? ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தீர்களா? எடை குறைக்க ராத்திரி சாப்பாட்டை இரண்டு மாதமாக விட்டிருந்தேன். தேதி தள்ளிப்போனதை வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன். வைட்டமின் டி 14 இருந்தது; 20க்குக் கீழே போனாலே குறைபாடு. மதுரை வெயிலில் வைட்டமின் டி குறைவா என்று சிரிப்பீர்கள். இருட்டில் ஓடி, இருட்டுக்குள் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவளுக்கு எந்த வெயில்? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு எலும்பு, மாதவிடாய் முதலியவற்றுக்கான செலவைத்தான் முதலில் வெட்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்று தனிப் பெயரே வைத்தது. ஷின் ஸ்பிளிண்ட் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அப்படியிருந்தும் ஓட்டக் குழுக்களில் ஷூவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். மாதவிடாய் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஓடுகிற தோழிகளே, ஷூ வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ராத்திரி கேழ்வரகுத் தோசை மறுபடி தட்டுக்கு வந்தது. வைட்டமின் மாத்திரையின் அளவை மருத்துவர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பயிற்சி என்று அவள் கொடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் படிக்கட்டில். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி இறக்குவது. கொஞ்ச நாள் முழங்காலை நேராக வைத்து, பிறகு மடக்கி வைத்து. மடக்கினால்தான் ஆடுசதைக்கு அடியில் பதுங்கியிருக்கிற தட்டையான தசைக்கு வேலை வரும். ஓடும்போது எலும்பு வளைவதைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. எங்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து கொல்லைக்கு இறங்க ஒற்றைப் படி. குக்கர் வைத்துவிட்டு அதில் நிற்பேன். முதல் விசிலுக்குள் வலது கால் பதினைந்து, அடுத்த விசிலுக்குள் இடது கால் பதினைந்து. ஆரம்பத்தில் இடது கால் எட்டாவது தடவையிலேயே நடுங்கியது. நாலு மாதம் கழித்து இருபத்தைந்து. பருப்பு குழையாவிட்டாலும் சதை குழைந்துவிடும்.

இன்னொரு மாற்றம் அடியின் நீளம். நிமிஷத்துக்கு 156 அடியை 166க்குக் கொண்டுவரச் சொன்னாள். அதே வேகம், ஆனால் குட்டிக் குட்டி அடி. கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது, ஒவ்வொரு அடியின் தாக்கமும் குறையும். கேட்க லேசு. முதல் இரண்டு வாரம் கொலுசு போட்ட குழந்தை மாதிரி இருந்தது. முப்பது வினாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்கிக்கொண்டே ஓடியதில், எதிரே வந்தவருக்கு வணக்கம் சொல்லும்போது "எழுபத்தொண்ணு" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இது எல்லாம் பக்கவாத்தியம். உண்மையான மருந்து, குறைப்பதும் காத்திருப்பதும். நெதர்லாந்திலேயே இன்னோர் ஆய்வில், இந்த வலி வந்த விளையாட்டுக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். படிப்படியாக ஓட்டத்துக்குத் திரும்புவது மூன்றுக்கும் பொது. ஒரு குழுவுக்குக் கூடுதலாகத் தசைப்பயிற்சி, இன்னொன்றுக்கு இறுக்கமான காலுறை. மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் எடுத்தன: சராசரி 100 நாளுக்கு மேல். அதுவும் மாரத்தானுக்கு இல்லை, 18 நிமிஷம் ஓடுவதற்கு. நான் படிப்பயிற்சியை விடவில்லை, மறுபடி வராமல் இருப்பதற்கு. ஆனால் சீக்கிரம் குணமாக்கும் என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்கிறேன்.

எனக்கு 14 வாரம் ஆனது. முதலில் வலியில்லாமல் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அது வரும்வரை சைக்கிள். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். தெப்பக்குளத்துத் தாத்தாக்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் "விட்டுடாதம்மா" என்று தைரியம் வேறு சொன்னார். பத்துக்கு இரண்டு என்கிற அளவில் வலி வந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை கட்டைவிரலுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். தெரிந்தால் முந்தின படிக்கு இறங்கு. இரண்டு தடவை இறங்கினேன். பெயர் கொடுத்திருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தன்று வீட்டில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட ஞானத்தோடுதான் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு உபதேசம் செய்யப் போனேன். 23 வயது. காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டான். அடுத்தது உடல்தகுதி: ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், அப்புறம் கயிறு ஏறுவது, தாண்டுவது எல்லாம். நம் ஊர் மைதானங்களில் இருட்டோடு ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் தேய்ந்த கேன்வாஸில், மீதிப் பேர் வெறுங்காலில். காலைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். இவனும் அப்படித்தான், இரண்டு கணைக்காலும். தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, தினமும் 1,500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தான். தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

மூன்று மாதம் ஓய்வு வேண்டும் தம்பி என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "ஒங்களுக்கு அடுத்த வருஷமும் அந்த ஓட்டப்போட்டி நடக்கும்க்கா. எனக்கு வயசு ஏறிரும்."

எனக்குப் பதில் இல்லை. நூறு நாள் என்பதைச் சொல்ல முடிகிறவள், அந்த நூறு நாளுக்கும் சம்பளம் வருகிறவள். பதில் தேடாமல் நோட்டை எடுத்தேன். இப்போது எத்தனை நிமிஷத்தில் ஓடுகிறாய்? 6:20 என்றான். தேவை ஏழு. அந்த ஓட்டத்தில் ஏழுக்குள் வந்தால் போதும். கையில் 40 வினாடி மிச்சம் வைத்துக்கொண்டு எதற்குத் தினமும் எலும்பை இடிக்கிறாய் என்றேன். அவனுக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. மைதானத்தில் எல்லோரும் ஓடும்போது எப்படிச் சும்மா இருப்பது? முதலில் என் பிசியோவிடம் கூட்டிப்போனேன். அழுத்திப் பார்த்து, குதிக்க வைத்து, விரிசல் மாதிரித் தெரியவில்லை, புள்ளியாக வலித்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றாள். வலி மாத்திரை கூடாது. வலியை மறைத்தால் கட்டைவிரல் ஜோசியம் பொய்யாகிவிடும். வாரத்தில் இரண்டே நாள் ஓட்டம், அதில் ஒன்று மட்டும் 1,500. மற்ற நாளெல்லாம் அவன் அப்பாவின் பழைய சைக்கிளில் அழகர்கோவில் ரோடு. மூச்சுக்கு வேலை உண்டு, எலும்புக்கு விடுமுறை. கயிறு ஏறுவதற்குக் கால் வேண்டியதில்லை என்பது அவனாகக் கண்டுபிடித்த சந்தோஷம்.

இது நல்ல வைத்தியமா என்றால் இல்லை. நல்ல வைத்தியம் நூறு நாள். இது ஐந்து வாரத்துக்குள் அடங்குகிற பேரம். அந்த ஐந்து வாரமும் அவனைவிட நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு மைதான வாசலிலிருந்து போன் செய்தான். பின்னால் ஒரே கூச்சல்.

"ஆறு முப்பத்தெட்டுக்கா."

உன் 6:20ஐ விட 18 வினாடி கூட என்றேன்.

"ஆமாக்கா, கடைசிச் சுத்துல ஒருத்தன் என்னத் தாண்டிப் போனான். வேகமா வந்துச்சு காலு. விட்டுட்டேன்" என்றான். சிரித்தானா, மூச்சு வாங்கினானா தெரியவில்லை. "இப்ப வாசப்படியில ஒக்காந்து அமுக்கிப் பாத்துட்டுத்தான் இருக்கேன். எடது கால்ல நாலு வெரல் நீளத்துக்கு இருக்கு. வலது கால்ல ஒண்ணுமில்ல. நாளைக்கு சைக்கிளாக்கா?"